கரண்ட் இல்லாத நாளில் காட்டிய வீடு

திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் வீடு விற்கிறவர்கள் நல்ல நாளுக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதைவிட, என்றைக்குப் பவர் கட் என்று பார்ப்பதுதான் அதிகம். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று சொல்லிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்திவிடுவார்கள். கம்பெனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை லீவை அன்றைக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில்கூட எங்காவது ஒரு ஷெட் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு நாள் மட்டும் எல்லாப் பனியன் மிஷினும் ஓய்ந்து, ஊருக்குள் காக்கா கத்துவது காதில் விழும். அப்படிப்பட்ட நாளில் வந்து ஒரு வீட்டைப் பார்க்கிறவன், அடடா, என்ன அமைதியான இடம் என்று மயங்கிப் போவான். புரோக்கர்கள் பாதிப் பேர் பிழைப்பது இந்த மயக்கத்தில்தான்.

பொன்னுச்சாமிக்கு இந்த வழியைச் சொல்லிக் கொடுத்ததும் புரோக்கர்தான். மகுடேஸ்வரன் என்று பேர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன்.

"நாஞ் சொல்றது உங்களுக்குத் தப்பாத் தெரியுமுங்க. ஆனா இந்த ஊட்ட மிஷினு ஓடற நாள்ல காட்டுனா, வர்றவன் செருப்பக்கூடக் கழட்ட மாட்டானுங்க. இதுவரைக்கும் வந்த பார்ட்டியெல்லாம் எப்படிப் போனாங்கன்னு நீங்களே பாத்தீங்க. வர்ற புதங்கெழம கரண்டு சட்டவுன். அன்னிக்கு ஒருத்தரக் கூட்டியாறேன். நீங்க ஊட்டத் தொடச்சு மட்டும் வெய்யுங்க. பேசறத நாம் பேசிக்கறனுங்க."

"மறைச்சு விக்கச் சொல்றீக," என்றார் பொன்னுச்சாமி.

"மறைக்கறதுக்கு என்னங்ண்ணா இருக்குது? ஊடு அங்கயேதான் நிக்குது. அவங்களும் கண்ணத் தொறந்துட்டுத்தான் வாராங்க."

பொன்னுச்சாமியும் அவர் மனைவி ஒச்சாயியும் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான சூட்டோடு திருப்பூருக்கு வந்தவர்கள். அவர் பனியன் தைக்கிற பிளாட்லாக் மிஷினில் டெய்லர். அவள் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் ஆரம்பித்து, தைத்த பீஸில் குறை பார்க்கிற செக்கிங்குக்குப் போனவள். ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று ஓட்டியே ரெண்டு செண்ட் வாங்கி, கீழே ஒரு ஹால், ரெண்டு அறை, மேலே ஒரு அறை என்று எழுப்பிவிட்டார்கள். அதைப் பற்றி உருகி எழுத ஒன்றுமில்லை. திருப்பூரில் பாதி வீடு அப்படி எழும்பியதுதான்.

வம்பு பின்சுவரில் வந்தது. வீட்டுக்கு மேற்கே சோளக்காடாகக் கிடந்த இடத்தில், அந்த இடத்துக்காரர் மகன் தரணீதரன் தகர ஷெட் போட்டு ரைசிங் மிஷின் இறக்கினான். பனியன் துணியின் உள்பக்கத்தைக் கம்பிப் பல் வைத்த உருளைகளில் ஓடவிட்டுக் கீறிக் கீறி மெத்தென்று ஆக்குகிற வேலை அது. குளிர் நாட்டில் எந்தக் குழந்தையோ போட்டுக்கொண்டு கதகதப்பாக இருக்கும். கீறின பஞ்சு மட்டும் கப்பல் ஏறாமல் இங்கேயே பறக்கும். வைகாசி பிறந்து மேல்காற்று கிளம்பிவிட்டால் அத்தனையும் ஒச்சாயி வீட்டுக்குள்தான். சோற்றில், குழம்பில், தண்ணிக் குடத்து மூடியில், சாமி படத்துக்குப் போட்ட மாலையில். பின்னால் சிவப்புத் துணி ஓடினால் வீட்டுக்குள் சிவப்புப் பஞ்சு. நீலம் ஓடினால் நீலம்.

ஒச்சாயிக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு இழுப்பு வந்தது. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே பனியன் கம்பெனிப் பக்கமே போகக் கூடாதுங்கம்மா. வீட்டோட இருங்க" என்றார். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேலையை விட்டு அவள் வீட்டோடுதான் இருந்தாள். கம்பெனிதான் வீடு தேடி வந்திருந்தது.

மகள் சித்ராதேவியை வெள்ளகோவிலில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மருமகன் மோகன்ராஜுக்கு எண்ணெய் ஆலையில் வேலை. அவர்கள் தெருவிலேயே ஓர் ஓட்டு வீடு விலைக்கு வந்தது. தறிச் சத்தமும் எட்டாத ஊர் ஓரம். "ஆடி பொறக்கறதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துப்புடணும்மா, இல்லாட்டி அவங்க வேற ஆளுக்குப் பேசிருவாங்க" என்று சித்ராதேவி தினமும் போன் போட்டாள். ஆனி கடைசி ஓடிக்கொண்டிருந்தது. ஆடியில் யாரும் வீடு வாங்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள்.

நாற்பத்திரண்டு லட்சம் என்று சொல்லியிருந்தார்கள். அது கிடைத்தால் ஓட்டு வீட்டை வாங்கி, மிச்சத்தைப் பேங்கில் போட்டுவிட்டுப் பொன்னுச்சாமியும் வேலையை விட்டுவிடலாம். இரண்டு பேரும் சேர்ந்து போய்விடலாம். ஆனால் வந்து கேட்டவன் ஒரே ஆள். அவன் தரணீதரன்.

ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு நேரிலேயே வந்தான். முப்பத்தைந்து வயசு இருக்கும். ஹாலில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்தான்.

"அக்கா, நாஞ் சுத்தி வளச்சுப் பேசலீங்க. என்னால உங்களுக்குத் தொந்தரவுன்னு எனக்குத் தெரியாம இல்ல. வலை கட்டிப் பாத்தேன், தகரத்த ஏத்தி அடிச்சுப் பாத்தேன். நிக்க மாட்டேங்குதுங்க. அதான் நானே எடுத்துக்கலாம்னு வந்தனுங்க. முப்பத்தொண்ணுன்னாச் சொல்லுங்க, நாளைக்கே முடிச்சுக்கலாம்."

"நாப்பத்திரண்டு சொல்லியிருக்கோம் தம்பி," என்றார் பொன்னுச்சாமி.

"நீங்க சொல்றது நியாயமான வெலதானுங்ண்ணா. இந்த ஷெட்டு மட்டும் இல்லீனா நாப்பத்தஞ்சுகூடப் போகுமுங்க."

அதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால் பொன்னுச்சாமி சட்டையைப் பிடித்திருப்பார். அவன் உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னான். இந்த ஊர் மரியாதையில் இருக்கிற சங்கடமே அதுதான். கழுத்தில் கையை வைத்தாலும் 'ங்க' போட்டுத்தான் வைப்பார்கள். திருப்பிக் கத்தவும் முடியாது, தாங்கவும் முடியாது.

அவன் போனதும் பொன்னுச்சாமி ஆப்பிள் பையைத் தெருவில் போகிற மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார். "வீட்ட நாறடிச்சதும் அவன், நாறிப்போன வீடுன்னு வெலையக் கொறைக்கிறதும் அவன். செத்தாலும் அவனுக்குக் குடுக்க மாட்டேன், பாத்துக்க." முப்பத்தொன்று வாங்கினால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும். ஓட்டு வீட்டுக்கு அது சரியாகப் போய்விடும். அவள் அங்கே, அவர் இங்கே ஏதாவது ஒரு லைன் வீட்டில் நாலு பேரோடு ஒரு ரூம். வெள்ளகோவிலில் ஐம்பத்தெட்டு வயசு பிளாட்லாக் டெய்லருக்கு வேலை வைத்துக்கொண்டு யார் காத்திருக்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை பொன்னுச்சாமி லீவு போட்டார். இரண்டு பேருமாக வீட்டைத் துடைத்தார்கள். பஞ்சை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. பெருக்கினால் எழும்பி, நாம் வேறு பக்கம் திரும்பியதும் மறுபடி உட்கார்ந்துகொள்ளும். ஈரத் துணியால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஃபேன் இறக்கை, டியூப் லைட்டின் முதுகு, பீரோ மேல்பக்கம், கதவு இடுக்கு, ஜன்னல் வலை. அந்த வாரம் பின்னால் ஊதாத் துணி ஓடியிருந்தது. வாளித் தண்ணி நாவல்பழம் கரைத்ததுபோல் ஆயிற்று. ஒச்சாயி மூக்கைச் சுற்றி ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, நாலு வீச்சுக்கு ஒரு தரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"நீ உக்காரு. நான் பாத்துக்கிறேன்."

"நீ தொடச்சா பாதி அங்கனயே நிக்கும். செக்கிங்ல இருந்தவ நானா நீயா?"

புதன்கிழமை ஒன்பது மணிக்கு டப்பென்று எல்லாம் நின்றது. இரண்டு பேரும் கடைசியாக ஒரு தடவை துடைத்தார்கள். பத்து மணிக்கு மேல் துடைக்க ஒன்றும் வரவில்லை. ஒச்சாயி ஹால் நடுவே நின்று சுற்றிப் பார்த்தாள். வீடு கட்டிய புதிதில் இருந்தது மாதிரி இருந்தது. இப்படியே இருந்தால் இதை ஏன் விற்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பதினோரு மணிக்கு மகுடேஸ்வரன் பார்ட்டியைக் கூட்டிவந்தார். தௌபிக் என்கிற பையன். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஆர்டர் பார்க்கிற ஆபீஸ் வேலை. கூட அவன் மனைவி மஹ்னூர். ஏழு மாசம் இருக்கும், இடுப்பில் கையை ஊன்றி மெல்லப் படியேறினாள். தௌபிக் சுவரைத் தட்டிப் பார்த்தான், குழாயைத் திறந்து பார்த்தான், மொட்டை மாடிக்கு ஏறி மேற்கே எட்டிப் பார்த்தான்.

"பின்னாடி என்ன கம்பெனிங்க?"

"துணி வெக்கற குடோனு மாதிரிங்க பாய்," என்றார் மகுடேஸ்வரன் கண் சிமிட்டாமல். பொன்னுச்சாமி தண்ணித் தொட்டி மூடியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

கீழே மஹ்னூர் மேற்கு ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆனிக் காற்று சுத்தமாக, சிலுசிலுவென்று வந்தது. தலையில் போட்டிருந்த துப்பட்டா நழுவி விழ, அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் கண்ணை மூடி முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒச்சாயி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்பவுமே இப்படித்தான் காத்து வருங்களாக்கா?"

"வரும்த்தா. மேக்காத்து."

"இப்ப இருக்கற ஊட்ல ஒரே ஒரு ஜன்னலுங்கக்கா. அதத் தொறந்தா பக்கத்து ஊட்டுச் செவுரு. தொட்டில இங்கதான் கட்டோணும்னு நெனச்சுட்டேன். இன்ஷா அல்லாஹ், இங்க வந்துதான் பெத்துக்கோணும்."

ஒச்சாயி காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள்.

விலை அரைமணி நேரத்தில் படிந்துவிட்டது. நாற்பத்தொன்று. ஆடி வருவதற்குள் அட்வான்ஸ் வேண்டும் என்று பொன்னுச்சாமி இழுத்தபோது தௌபிக் சிரித்தான். "எங்களுக்கு ஆடியெல்லாம் கணக்கில்லீங்ண்ணா. உங்களுக்குச் சங்கடம் வேண்டாம். வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சுட்டு நேரா இங்க வந்து குடுத்தர்றேன்."

"இங்க எதுக்குங்க பாய்?" என்று மகுடேஸ்வரன் குறுக்கே விழுந்தார். "மெயின் ரோட்டுப் பேக்கரில உக்காந்து சாவகாசமா எழுதிக்கலாம். டீ நல்லாருக்குமுங்க."

வெள்ளிக்கிழமை மிஷின் ஓடுமே. அந்த அவசரம் அவருக்கு.

அவர்கள் போனதும் பொன்னுச்சாமி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தார். அவர் முகம் அப்படித் தெளிந்து எத்தனையோ நாளாயிற்று. "ஒச்சாயி, வெள்ளகோயிலுக்குப் போயி மொத ஒரு மாசம் நான் எந்திரிக்கவே மாட்டேன். நீ கஞ்சி கொண்டாந்து ஊட்டு." அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

அஞ்சரை மணிக்குக் கரண்ட் வந்தது. நைட் ஷிப்டுக்குப் பின்சுவர் அதிர ஆரம்பித்தது. துடைத்து வைத்த ஜன்னல் கட்டையில் இரண்டு ஊதா நூல் வந்து உட்கார்ந்தது.

ஒச்சாயி ஒன்றும் தர்மதேவதை இல்லை. செக்கிங்கில் இருந்தபோது, தையல் விட்ட பீஸை சூப்பர்வைசர் கண்ணில் படாமல் நல்ல பீஸோடு சேர்த்து அனுப்பியவள்தான். அதற்காக ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. தையல் விட்ட பனியன் எந்த ஊரில் யார் தோளில் கிழிந்தால் என்ன, அந்த முகத்தை அவள் பார்க்கப் போகிறாளா? இந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு காற்றை வாங்கின முகம். வியாழக்கிழமை முழுக்க அவளுக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அரிசியும் பருப்புமாக உலையில் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் இறங்கினாள். வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள். அதற்குள் அடி பிடித்துவிட்டது.

பொன்னுச்சாமி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, தீய்ந்த வாசனையிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"என்ன, மனசு பொறுக்கலயாக்கும்?"

"அந்தப் புள்ள தொட்டில் கட்டப் போறேங்குதுய்யா."

"ஊரு பூராம் பஞ்சுதான். எங்க கட்டுனாலும் பறக்கத்தான் செய்யும்."

"இம்புட்டா பறக்குது?"

"இந்தா பாரு. நாம பொய் சொன்னமா? அவுக கேட்டாக, புரோக்கரு சொன்னாரு. உன்கிட்ட கேக்கல, என்கிட்ட கேக்கல. நம்ம வாயிலருந்து ஒரு வார்த்த வந்துச்சா?"

"அதத்தான் நானும் கேக்குறேன். ஏன் வரல?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "ஒனக்கு ஒண்ணு தெரியுமா? நேத்து அந்தப் பய நாப்பத்தொண்ணுன்னு சொன்னப்ப, எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு? காசு தோணல. இனிமே இவளப் பக்கத்துல வச்சுப் பாத்துக்கலாம்னு தோணுச்சு. ஒனக்கு மூச்சு முட்டுறப்ப முதுகத் தேச்சு விட ஆளு வேணாமா? மக வருவா, எத்தன நாளைக்கு வருவா? அந்த ஷெட்டுக்காரனுக்கு முப்பத்தொண்ணுக்குக் குடுத்துப்புட்டு, நான் இங்க எவன் ரூம்லயோ கெடக்கவா? சனிக்கெழம சம்பளத்த வாங்கிட்டு வந்து ஒன்னப் பாத்துட்டுப் போகவா? சொல்லு. அதான் வேணும்னா இப்பவே போயிச் சொல்லிட்டு வா."

ஒச்சாயிக்கும் அதே பயம்தான். இழுப்பு வந்தால், வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தைவிட முதுகில் அவர் கை படுவதுதான் அவளுக்குத் தைரியம். முரட்டுக் கை. ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல். அது இல்லாத வீட்டில், ஓட்டைப் பார்த்துக்கொண்டு தனியாக மூச்சுக்குத் திணறுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேண்டாம், வாயைத் திறக்கவே வேண்டாம் என்று அப்போதே முடிவு பண்ணினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு வேறு சோறு வைத்தாள். அவரும் தின்றுவிட்டுக் கம்பெனிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பேக்கரியில் சரியான கூட்டம். இந்த ஊரில் பேக்கரி என்றால் டீக்கடைதான். கல்யாணம் பேசுவது, கம்பெனி பேசுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அங்கேதான். மகுடேஸ்வரன் ஓரத்து மேஜையைப் பிடித்து வைத்திருந்தார். தௌபிக் தொழுகைத் தொப்பியைப் பையில் மடித்து வைத்தபடி வந்து உட்கார்ந்தான். மஹ்னூர் கையில் ஒரு மஞ்சள் பை. அதில் அட்வான்ஸ் பணம் இருந்தது. ஸ்டாம்ப் பேப்பரை மேஜைமேல் விரித்து, பறக்காமல் இருக்க அதன்மேல் பன் தட்டை வைத்தார் மகுடேஸ்வரன்.

ரோட்டில் போன லாரிப் புழுதிக்கு ஒச்சாயிக்கு இருமல் கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. நெஞ்சுக்குள் விசில் சத்தம். இடுப்பிலிருந்து மருந்தை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினாள். மஹ்னூர் எழுந்து வந்து தண்ணி டம்ளரை நீட்டினாள்.

"வீசிங்குங்களாக்கா? எங்கம்மாக்கும் உண்டுங்க. ரொம்ப நாளாவா?"

"மூணு வருசமாத்தா."

"எதனாலன்னு டாக்டர் சொன்னாங்களாக்கா?"

கேட்டுவிட்டாள். யாரும் நம்மைக் கேட்கவில்லை என்று பொன்னுச்சாமி சொன்னது அதோடு போயிற்று. ஒச்சாயி தண்ணியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். பொன்னுச்சாமியைப் பார்த்தாள். அவர் தலையை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தார். வேண்டாம் என்கிறார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஒச்சாயிக்கு அவர்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது. அந்தப் பாசத்தோடேதான் அவள் வாயைத் திறந்தாள்.

"பின்னாடி இருக்கிறது குடோன் இல்லத்தா. ரைசிங் மிஷினு. நீங்க வந்த அன்னிக்குக் கரண்டு இல்ல, அதான் ஓடல. அந்தக் காத்துல வர்றது பூராம் பஞ்சு. எனக்கு வந்தது அதுலதான். பச்சப்புள்ளய அங்கன போடாத."

மகுடேஸ்வரன்தான் முதலில் சுதாரித்தார். "அக்கா எதையோ மனசுல வெச்சுட்டுப் பேசறாங்க பாய். எல்லா ஏரியாவுலயும் இருக்கறதுதானுங்க, ஒரு கண்ணாடிக் கதவு போட்டா..."

"நீங்க பேசாதீங்க," என்றான் தௌபிக். சத்தம் போடவில்லை. மனைவி கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கி, சுருட்டி, தன் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பொன்னுச்சாமியைப் பார்த்து, "ஏனுங்ண்ணா, மாடில நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?" என்று கேட்டான். பொன்னுச்சாமி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மஹ்னூர் நன்றி என்று ஏதும் சொல்லவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களேக்கா" என்றாள். "ரெண்டு நாளா அந்த ஊட்டையே நெனச்சுட்டிருந்தேன்." பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புருஷன் பின்னால் போனாள்.

மகுடேஸ்வரன் ஸ்டாம்ப் பேப்பரைச் சுருட்டினார். "இனி உங்கூட்டு வியாபாரத்துக்கு என்னயக் கூப்புடாதீங்க," என்றார். அந்தக் கோபத்திலும் டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

பொன்னுச்சாமி மொபெட்டை எடுத்தார். ஒச்சாயி பின்னால் ஏறிக்கொண்டாள். திட்டிவிட்டாலாவது தேவலை என்று அவள் நினைத்தாள். அவர் முதுகுச் சட்டையைப் பிடிக்கக்கூடக் கூச்சமாக இருந்தது. சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி அவர்கள் தெருவில் திரும்பவில்லை. அடுத்த தெருவில் திரும்பி, தரணீதரனின் தகர ஷெட் வாசலில் போய் நின்றது.

"சண்ட போடப் போறியா?" என்றாள் பயந்துபோய்.

"எறங்கு," என்றார்.

உள்ளே இருந்து தரணீதரன் வந்தான். முடியிலும் புருவத்திலும் ஊதாப் பஞ்சு. முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, இரண்டு பேரையும் கண்ணாடி போட்ட ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தான். அறைக்கு வெளியே ஒரிசாப் பையன்கள் துணியை உருளையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்தொண்ணுக்குச் சம்மதம் தம்பி," என்றார் பொன்னுச்சாமி.

"ஒரு பாய் பார்ட்டி படிஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே?"

"படியல."

தரணீதரன் கொஞ்சம் யோசித்தான். "இன்னேரத்துக்கு வேற ஆளுன்னா எறக்கித்தான் கேப்பாங்க. எனக்கு அது வேண்டாமுங்ண்ணா. சொன்னா சொன்னதுதான். முப்பத்தொண்ணே வெச்சுக்குங்க." கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, அட்வான்ஸுக்குப் பணமும் பேப்பரும் கொண்டுவரச் சொன்னான். ஒரு பையன் மூணு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். டீயின்மேல் மிதந்த நூலை ஒச்சாயி விரலால் எடுத்துப் போட்டாள்.

"வீட்ட இடிச்சுப்புட்டு ஷெட்டப் பெருசாக்கப் போறியா தம்பி?" என்று கேட்டாள். இடித்துவிடுவான் என்றால் நல்லது என்று அவளுக்கு ஏனோ பட்டது.

"எதுக்குங்கக்கா இடிக்கோணும்? நல்லா கெட்டியா கட்டியிருக்கீங்க. அடுத்த வாரம் ஊர்லருந்து இன்னும் பன்னண்டு பசங்க வாராங்க. அவங்களத் தங்க வெச்சுக்குவேன். எனக்கும் வெளிய ரூம் புடிக்கற வேல மிச்சமுங்க."

பொன்னுச்சாமி ஒச்சாயியைத் திரும்பிப் பார்த்தார். பேக்கரியில் பேசினவள் இங்கேயும் பேசுவாள் என்று நினைத்தார். அவளோ மடியில் கையைக் கோத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவளுக்குத் தெம்பில்லை. இதையும் கெடுத்தால் ஆடி பிறந்துவிடும். அந்த வீட்டில் இந்த மேல்காற்று ஓய்கிற வரைகூட அவள் தாங்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பேசினது பொன்னுச்சாமிதான்.

"தம்பி, அந்தப் பயலுகள அங்கன படுக்கப் போடாத. பகலெல்லாம் இதுக்குள்ள நிக்கிறாய்ங்க. ராத்திரிக்காவது வேற காத்துக் குடு. வேணும்னா ஒம் முப்பத்தொண்ணுல அம்பதாயிரம் கொறைச்சுக்க."

தரணீதரன் சங்கடமாகச் சிரித்தான். "அப்பறம் நான் எதுக்குங்ண்ணா வாங்கறது? அவங்களுக்கு இதெல்லாம் பழக்கமுங்க. அதுமில்லாம, ரெண்டு வருசம் இருப்பாங்க, காசு சேந்ததும் ஊருக்குப் போயிருவாங்க. உங்களாட்ட இங்கயேவா இருக்கப் போறாங்க?"

கணக்கப்பிள்ளை பேப்பரை மேஜையில் விரித்தார். வெளியே ஒரு பையன் உருளை ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்தி யாரையோ கூப்பிட்டான். பொன்னுச்சாமி கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்களும் ரெண்டு வருசத்துல போயிருவோம்னுதான் தம்பி வந்தோம்," என்றார்.

தரணீதரன் பேனாவை எடுத்து நீட்டினான். வீடு ஒச்சாயி பேரில் இருந்தது. அவள் வாங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.